வசந்தா உட்கார்ந்த நாற்காலி

போன மாதம், பயிற்சி நடத்துகிற உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "மேடம், நீங்க கண்டுபிடிச்ச நாற்காலி மாற்றம்தான் இன்னிக்கும் எங்க பயிற்சியில பெரிய ஹிட்" என்றார். அதிகாரியை மக்கள் பக்கம் நிற்க வைத்து, மக்களை அதிகாரியின் நாற்காலியில் உட்கார வைக்கிற சுற்றைத்தான் சொன்னார். அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறீர்களாம். ஏதோ சிரித்து வைத்தேன்.

கிளம்பும்போது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக உங்கள் அனுபவத்திலிருந்து கலகலப்பாக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். கலகலப்பான கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் என் பெயரில் ஒன்றை நீங்கள் ஊர் ஊராக நடத்திக்கொண்டிருக்கும்போது, அது முதல் தடவை நடந்தபோது என்ன ஆயிற்று என்பதை விழுங்கிவிட்டுச் சிரிப்புக் கதை எழுத எனக்கு மனசு வரவில்லை. இது கலகலப்பாக இருக்காது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது எங்கள் அலுவலகம் அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. பெயர்ப் பலகைகளில் மெட்ராஸ் சென்னையாகிக்கொண்டிருந்த சமயம். நான் கல்லூரியில் புவியியல் நடத்திவிட்டு, அது அலுத்துப்போய் இங்கே வந்தவள். 'நிலைத்த வளர்ச்சி' என்ற சொல் அப்போதுதான் எல்லார் வாயிலும் புகுந்திருந்தது. இன்றைக்கு இருப்பவர்கள் பிழைக்க வேண்டும், நாளைக்கு வருகிறவர்களுக்கும் மிச்சம் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும். விளையாட வைத்தால் மட்டும் எப்படியோ உறைத்துவிடும்.

தி. நகரில் ஒரு வங்கியின் மேலாளர்களுக்கு ஏரி விளையாட்டு நடத்தியது நினைவிருக்கிறது. தாம்பாளம்தான் ஏரி, புளியங்கொட்டைதான் மீன். ஒவ்வொரு குழுவும் இஷ்டப்பட்ட அளவு அள்ளலாம். மிச்சம் வைப்பது அடுத்த சுற்றில் இரட்டிப்பாகும். ஒருவருக்குக் கடன் கொடுக்க ஆறு மாதம் யோசிக்கிற மனிதர்கள், இரண்டாவது சுற்றிலேயே தாம்பாளத்தை வழித்துத் துடைத்துவிட்டார்கள். அப்புறம் யார் முதலில் பேராசைப்பட்டது என்று சண்டை. புளியங்கொட்டைக்காக இரண்டு பேர் சாப்பாட்டுப் பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டில் வருகிற கோபம் நிஜக் கோபம்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்தும்தான் பின்னால் அப்படிச் செய்தேன்.

எங்களுக்கு இந்த விளையாட்டுகளை அறிமுகப்படுத்தியவர், எங்கள் இயக்குநர், ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேஷம் கலைப்பது என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் கழுத்திலிருக்கும் அட்டையை, 'மீனவர்', 'முதலாளி', 'அமைச்சர்', எதுவாயிருந்தாலும், நாமே கழற்றி, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர், ஆட்டத்தில் நான் சொன்னது அந்த வேஷத்தின் பேச்சு, என் பேச்சு இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்க்கக் குழந்தைத்தனமாக இருக்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள் நெளிவார்கள். நானும் உள்ளுக்குள் நெளிந்தவள்தான். இதற்காக அரை மணி நேரம் போகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இனி ஆற்றங்கரை விளையாட்டுக்கு வருகிறேன். நாலைந்து வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் வளைந்து வளைந்து ஓர் ஆறு வரைந்திருந்தோம். ஆற்றின் மேல் நீலக் கண்ணாடி வளையல்களை வரிசையாக வைப்போம். அதுதான் நல்ல தண்ணீர். தொழிற்சாலை ஒரு தப்புச் செய்தால் வளையல் குறையும், சாக்கடையைச் சுத்தப்படுத்தினால் கூடும். கரையோரம் தீப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். அவைதான் குடிசைகள். கடைசிச் சுற்றில் ஆற்றில் எவ்வளவு நீலம் மிஞ்சுகிறது என்பதே வெற்றி தோல்வி.

விதிகளை எழுதியவள் நான். அதை அழுத்திச் சொல்கிறேன். தொழிற்சாலைக் கழிவைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் எல்லாக் குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும், பலனும் மெதுவாகத்தான் வரும். அடுக்குமாடிக் கட்டடங்களின் சாக்கடையைத் திருப்புவது அதைவிடக் கஷ்டம். தீப்பெட்டிகளை எடுத்துவிட்டாலோ ஒரே சுற்றில் ஒரு கை வளையல் கிடைக்கும். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், யோசித்து எழுதவில்லை என்பதுதான் பதில். நாங்கள் படித்த கட்டுரைகளில், போட்டுக் காட்டிய படங்களில், எங்கள் பேச்சில்கூட, கரையில் குடிசை இருந்தால் அதுதான் ஆற்றின் அழுக்கு. மேலே இருந்து குழாய் குழாயாக வந்து விழுவது யாருடைய அழுக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வீட்டுக் குழாயும் அங்கேதான் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு அரசுத் துறை எங்களைக் கூப்பிட்டது. ஆற்றங்கரையைச் சீரமைக்கத் திட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தது. பணம் தருகிறவர்கள், மக்கள் பங்கேற்பு இருந்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார்கள். பங்கேற்புக்கு என்ன செய்வது என்று துறைக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனோம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி ஏற்பாடாயிற்று. ஒரு பக்கம் துறைக்காரர்கள், இன்னொரு பக்கம் கரையில் குடியிருப்பவர்கள். கரைக்காரர்களை வேனில் கூட்டி வந்தார்கள்.

வசந்தாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கே.கே. நகருக்குக் கிழக்கே ஆற்றோரம் இருந்த குடியிருப்பின் பெண்கள் சங்கத் தலைவி. இரண்டு வீடுகளில் சமையல் வேலை. கணவர் முருகேசன் வடபழனியில் சினிமா செட்டுக்குத் தச்சு வேலை செய்பவர். தண்ணீர் லாரி வராவிட்டால் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிடுவது வசந்தாதான். அந்தக் குடியிருப்பில் எது நடந்தாலும் 'வசந்தாக்காவ கேளு' என்பார்களாம். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் போதும், கூட்டம் தானாகக் களைகட்டிவிடும். அந்தச் சந்தோஷத்தில்தான், அதற்கு முந்தின வாரம் எனக்குத் தோன்றிய நாற்காலி மாற்றத்தை அன்றைக்கே பரீட்சித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மத்தியானத்துக்கு முன் கடைசி ஆட்டம். துறையின் பொறியாளர் கழுத்தில் 'குடிசைவாசி' அட்டை. வசந்தா கழுத்தில் 'அதிகாரி'. வசந்தா மேடையிலிருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். பொறியாளர் எதிரே கைகட்டி நின்றார். அவரை நிற்க வைத்துவிட்டு வசந்தா, மேசையில் இல்லாத ஃபைலைப் புரட்டினார். மணிக்கட்டில் இல்லாத கடிகாரத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே, நாளைக்கு வா, பெரியவர் லீவு என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது பொறியாளர்தான். அடுக்களையிலிருந்து சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைசிச் சுற்று வந்தது. துணியில் நீலம் அனேகமாக வற்றியிருந்தது. ஆறு சாகப் போகிறது, காப்பாற்றினால் இந்த மேசை ஜெயித்தது, இல்லாவிட்டால் எல்லாருக்கும் தோல்வி என்று நான் குரல் கொடுத்தேன். வசந்தா என்னைக் கூப்பிட்டு, வளையல் சேர்க்க என்ன வழி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். தொழிற்சாலைக் குழு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. சாக்கடைக்கு நேரம் போதாது. மிச்சம் இருந்தது தீப்பெட்டி. வசந்தா குனிந்து அந்தத் தீப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தயங்கியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நேரமாகுது, அதிகாரி முடிவு சொல்லணும்" என்று விசில் ஊதினேன்.

வசந்தா நிமிர்ந்தார். கையை ஒரு வீசு வீசினார். "தூக்குங்கய்யா எல்லாத்தையும்."

அந்தக் குரல் அப்படியே அலுவலகக் குரல். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. அவரோடு வேனில் வந்த பெண்களும் தட்டினார்கள். வசந்தாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தீப்பெட்டிகளை வாரி எடுத்தோம், நீல வளையலை நிரப்பினோம். மேடையிலிருந்து இறங்கி வரும்போது அவர் என்னிடம், "அந்த நாக்காலில ஒக்காந்தா அப்டித்தான் மேடம் வாய்ல வருது" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு வருடம் வகுப்பெடுத்தாலும் சொல்லித்தர முடியாததை ஒரு வரியில் சொல்லிவிட்டாரே என்று. அந்த வரியை அப்புறம் எத்தனை மேடையில் சொல்லிப் பெயர் வாங்கியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

வேஷம் கலைக்க வட்டமாக நிற்கச் சொல்லும் நேரத்தில், சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். துறையின் பெரிய அதிகாரி. சாந்தோமில் அவருக்கு வேறு நிகழ்ச்சி, இங்கே தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டுமாம். எல்லாரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். இயக்குநர் அன்றைக்கு ஊரில் இல்லை. வட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாப்பாடு, வேன், சலசலப்பு. அந்த அப்புறம் வரவே இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். பெரிய மனிதர் முன்வரிசையில். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்று கரையில் வாழும் வசந்தா அவர்கள் அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்து, கடினமான முடிவெடுத்து, ஆற்றைக் காப்பாற்றினார்" என்றேன். மறுபடி கைதட்டல். பெரிய அதிகாரி எழுந்து வசந்தாவுக்குக் கும்பிடு போட்டார். வசந்தா வெட்கத்தோடு கும்பிட்டார். கழுத்தில் 'அதிகாரி' அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதோடேயே வேன் ஏறிப் போனார்.

சில வாரங்கள் கழித்து வசந்தா எங்கள் மாடிப்படியேறி வந்தார். மயிலாப்பூரில் பார்த்த முகமே இல்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்கார மாட்டேன் என்றார். பொறியாளர் அவர்கள் குடியிருப்புக்கு வந்து, அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே தெற்கே இடம் ஒதுக்கியிருக்கிறது, எல்லாரும் கிளம்பத் தயாராகுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கூச்சல் கிளம்பியதும், உங்கள் தலைவியே மயிலாப்பூரில் எல்லார் முன்னாலும் தூக்கச் சொன்னார், மைக்கிலும் அறிவித்தார்கள், உங்கள் பெண்கள் கைகூடத் தட்டினார்கள், இப்போது என்ன புதுப் பேச்சு என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கப் போனால் வரிசையில் யாரும் வசந்தாவோடு பேசுவதில்லை. துறைக்காரனோடு சேர்ந்து எல்லாரையும் விற்றுவிட்டாள் என்று பேச்சு. முருகேசனிடம்கூட வேலை இடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். இரண்டு நாளாக வீட்டில் அவரும் பேசவில்லை.

"ஞாயித்துக்கெழம திரும்பவும் கூட்டம் கீது" என்றார் வசந்தா. "நீங்க வந்து, அது வெளாட்டு, வசந்தா சொந்தமா சொல்லல, நாந்தான் சொல்ல வச்சேன்னு ஒரே ஒரு பேச்சு பேசிட்டுப் போயிருங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம். வூடு போறது போவட்டும். எம்பேரு போவக் கூடாது."

கட்டாயம் வருகிறேன் என்றேன். மனசார்த்தான் சொன்னேன். இயக்குநரிடம் போய் நின்றேன். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, வேஷம் கலைக்கவில்லையா என்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "போய்ட்டு வா. போகத்தான் வேணும். ஆனா அங்க நின்னுண்டு துறைக்கு எதிரா ஒண்ணும் சொல்லிடாதே. நாளைக்கும் நாம அவாளோடதான் வேலை பண்ணியாகணும்" என்றார். அந்தத் துறையோடு வருடம் முழுக்கப் பயிற்சிகள் நடத்துவதாக அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு உறைத்தது. இந்த இடத்தில் இயக்குநர் மேல் பழியைத் தூக்கிப் போடுவது எனக்குச் சுலபம். போட மாட்டேன். அவர் எதிரா பேசாதே என்றுதான் சொன்னார், பொய் பேசு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மன் கோயில் முன்னால் ஜனம் தரையில் உட்கார்ந்திருந்தது. இரண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பொறியாளர். என்னைப் பார்த்ததும் எழுந்து மரியாதையாக இன்னொன்றை நகர்த்திக் கொடுத்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். இதைக் கவனியுங்கள். இந்த வேலையில் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எங்கே உட்கார்கிறீர்கள் என்று ஜனம் பார்த்து முடித்துவிடும். தரையில் வசந்தாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவரைச் சுற்றித்தான் நிறைய இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்களே.

என்னைப் பேசச் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. அது விளையாட்டு, விதி எழுதியது நான், வசந்தாவை அவசரப்படுத்தியது நான். எழுந்து நின்றதும் பக்கத்தில் பொறியாளர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மிரட்டல் ஒன்றும் இல்லை, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். என் வாயிலிருந்து வந்தது வேறு. "அன்றைக்கு நடந்தது ஒரு பயிற்சி. அதில் எடுத்த முடிவை அப்படியே உண்மையான முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனாலும், ஆற்றைக் காப்பாற்ற எல்லாத் தரப்பும் சில விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதில் நாம் எல்லாரும் கற்றுக்கொண்ட பாடம்" என்று பூசி மெழுகி முடித்தேன். பொறியாளர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

முன்வரிசையிலிருந்த கன்னியம்மா என்கிற பெண், வசந்தாவோடு மயிலாப்பூருக்கு வேனில் வந்தவர்தான், எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்ப அவ சொன்னது சரின்றாங்க. நாங்க இத்தினி நாளு சந்தேகப்பட்டுக்கினு இருந்தோம், இப்ப தெளிவாயிடுச்சி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் இல்லை இல்லை, நான் சொல்ல வந்தது அதில்லை என்று ஆரம்பித்தேன். யார் கேட்கிறார்கள். முருகேசன் மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வசந்தா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் என்னைத் தன் ஜீப்பில் அடையாறில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்களுக்காக இதிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமல்லவா. முதலாவது, உங்கள் விளையாட்டில் எது சுலபமாக ஜெயிக்கிறதோ அதுதான் உங்கள் அபிப்பிராயம். விதியை எழுதிவிட்டு நான் நடுநிலை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இன்னொன்று, நாற்காலி மாற்றம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. பொறியாளர் குடிசைவாசியாகக் கைகட்டி நின்றது அன்றைக்குச் சாயங்காலமே மறந்துபோயிற்று. அதை அவருக்கு எதிராக எவரும் எடுத்துக் காட்ட முடியாது. வசந்தா சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவர் கழுத்திலேயே தொங்கியது. வீடு பறிபோகிற பயத்தில் இருப்பவர்களை அந்த வீட்டையே பணயமாக வைத்து விளையாட வைக்கக் கூடாது. ஏரி, மீன், புளியங்கொட்டை என்று எதை வேண்டுமானாலும் வையுங்கள், அவர்கள் குடியிருக்கிற கரையை வைக்காதீர்கள். நான் அதற்கப்புறம் அந்தச் சுற்றை நடத்தவில்லை. ஆனால் நடத்தாதீர்கள் என்று மற்றவர்களிடம் உரக்கச் சொல்லவும் இல்லை. ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். அப்படித்தான் அது என் பெயரோடு உங்கள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வருடம் முழுக்க நடத்த வேண்டிய பயிற்சிகள் எங்களுக்குக் கிடைத்தன. இதையும் சொல்லிவிட வேண்டும். நான் தலையை நிமிர்த்தாமல் நடத்தினேன்.

கரை காலியானது அடுத்த கோடையில். கன்னியம்மா நினைத்த மாதிரி வசந்தா சொன்னதால் இல்லை, அது துறையின் மேசையில் முன்னாலேயே எழுதி வைத்திருந்ததுதான். லாரிகள் வருகிற நாளைக் கேள்விப்பட்டுக் காலையிலேயே போனேன். என்ன செய்யலாம் என்று போனேனோ எனக்கே தெரியாது. பாத்திரம் தூக்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கூரைத் தகடுகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு லாரியிலும் ஆறேழு குடும்பம், கட்டில், குடம், ஆட்டுக்கல், அம்மி என்று நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தது. கடைசி லாரியில் வசந்தா வீட்டுச் சாமான் மட்டும்தான். மற்றவர்கள் மூட்டைக்கு மேல் மூட்டையாக ஏறினாலும் அந்த லாரிக்கு வரவில்லை. முருகேசன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வசந்தா மேலே, பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னை மன்னிச்சிடுங்க வசந்தா, நான் தப்பாப் பேசிட்டேன், என்னாலதான் இப்படி ஆச்சு என்று என்னென்னவோ சொன்னேன். அவர் அழவில்லை. கோபமாகக்கூட இல்லை.

"உன்னால ஆவல மேடம்" என்றார். அதுவரைக்கும் நீங்க என்றவர், நீ என்றார். "நீ சொன்னாலும் சொல்லாங்காட்டியும் அவன் தூக்கத்தான் போறான். எங்களுக்குத் தெரியாதா. ஆனா அவன் தூக்கினா பாவம் அவனோட போயிருக்கும். எல்லாரும் சேந்து அவன ஏசிக்கினே போயிருப்போம். நீ அத்த எடுத்து எந்தலைல வச்சிட்ட."

முருகேசன் முன்னால் ஏறிக்கொண்டதும் லாரிக்காரர் என்ஜினை முடுக்கினார். முன்னால் போன லாரிகளிலிருந்து பெண்கள் திரும்பி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய வண்டியில் அவர் மேலே தனியாகப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். நானும் கூட வருகிறேன், புது இடம் வரைக்கும் வந்து, எல்லார் எதிரிலும் எல்லாவற்றையும் சொல்கிறேன், இந்தத் தடவை சரியாகச் சொல்கிறேன் என்றேன்.

வசந்தா முன்னால் போகிற லாரிகளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எறங்கிக்கோ மேடம். நீ எங்கூட வந்தின்னா, அவுங்க பேசுறது நெசம்னு ஆயிடும்."

இறங்கினேன். லாரி திரும்புவதற்கு நான் நின்ற இடம் இடைஞ்சலாக இருந்தது. கிளீனர் தள்ளி நில்லுங்க என்றார், தள்ளி நின்றேன்.